எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லால் பழுதான தசையைச் சரிசெய்ய முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைக்குத் தசைச் சிதைவு நோய் என்று மருத்துவர் சொன்ன அதே வாரத்தில், சொந்தக்காரர் ஒருவர் வந்து, “மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துப் போட்டால் சரியாகிவிடுமாமே” என்று சொல்லிவிட்டுப் போவார். தொடைத் தசை கிழிந்து உட்கார்ந்திருக்கும் கபடி வீரரிடமும் இதே பேச்சு வரும். நான் மருத்துவர் இல்லை. தசைச் செல்களை வளர்த்து ஆராயும் ஒரு கூடத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவள். அப்போதும் அதற்குப் பிறகும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களில் பாதிக்கு மேல் பெற்றோர்கள். அதனால் அவர்களுடைய கவலைக்குத்தான் இங்கே அதிக இடம்.

தசை தானாகவே ஆறிவிடுமே, அதற்கு எதற்கு ஸ்டெம் செல்?

ஆறும். உடம்பில் நன்றாக ஆறக்கூடிய உறுப்புகளில் தசையும் ஒன்று. அதற்குக் காரணமே தசைக்குள் இருக்கும் அதன் சொந்த ஸ்டெம் செல்கள், அதாவது தானும் பெருகி, வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல்கள்தான். 1961இல் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒவ்வொரு தசை இழையின் மேலும், இழைக்கும் அதன் வெளி உறைக்கும் நடுவில், சின்னச் சின்னச் செல்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். கோளைச் சுற்றும் துணைக்கோள் போல இருந்ததால் அவற்றுக்குச் சாட்டிலைட் செல் என்று பெயர். சாதாரண நாளில் இவை தூங்கிக்கொண்டிருக்கும். தசை அடிபட்டால் விழித்து, பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புது இழையாகும்.

இந்த இணைதலை நான் எத்தனையோ முறை நேரில் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கூடங்களில் சி2சி12 என்ற சுண்டெலித் தசைச் செல் வகை உண்டு. 1977இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த யாஃபே, சாக்சல் இருவரும் அடிபட்ட சுண்டெலித் தொடையிலிருந்து எடுத்த செல்களின் வழிவந்தது அது. தட்டில் சத்து நிறைய இருக்கும்வரை அவை தனித்தனியாகப் பெருகிக்கொண்டே இருக்கும். சத்தைக் குறைத்தால் பெருகுவதை நிறுத்திவிட்டு, பக்கத்துச் செல்லோடு தலைமாடு கால்மாடாக வரிசை கட்ட ஆரம்பிக்கும். நாலைந்து நாளில் நடுவிலிருக்கும் சுவர்கள் கரைந்து, பல உட்கருக்கள் கொண்ட நீண்ட குழாய்களாகிவிடும். சில சமயம் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்த உடனே ஒரு குழாய் வெட்டி வெட்டித் துடிக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் பக்கத்து அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன்.

பிரச்சினை எப்போது வருகிறது என்றால், இந்தச் சொந்த ஏற்பாடு போதாமல் போகும்போது. விபத்தில் தசையின் ஒரு பெரிய துண்டே போய்விட்டால், அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிட்டால், ஆறுவதற்கு அடித்தளமே இல்லாமல் தழும்புதான் மிஞ்சும். டுஷேன் என்ற பரம்பரைத் தசைச் சிதைவு நோய் போன்றவற்றில் இழைகள் நாள்தோறும் உடைந்துகொண்டே இருப்பதால், பழுதுபார்க்கும் செல்கள் ஈடுகொடுக்க முடியாமல் ஓய்ந்துவிடும். அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும்தான் வெளியிலிருந்து செல் கொண்டுவர முடியுமா என்று ஆராய்ச்சியாளர்கள் தேட ஆரம்பித்தார்கள்.

மஜ்ஜையில் அப்படி என்ன இருக்கிறது?

நல்லி எலும்பைத் தட்டினால் வெளியே வருமே, அதுதான் மஜ்ஜை. நம் உடம்பில் அது ஒரு பெரிய தொழிற்சாலை. நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. அதில் இரண்டு வகை ஸ்டெம் செல்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பேசும்போது இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதித் தவறான நம்பிக்கைகள் வருகின்றன.

ஒன்று, இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல். இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் செய்யும் மஜ்ஜை மாற்று சிகிச்சையில் வேலை செய்வது இதுதான். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடக்கிறது. இது நிரூபிக்கப்பட்ட, உயிர் காக்கும் சிகிச்சை. மற்றொன்று மெசன்கைமல் செல். 1960களில் மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் என்பவர், மஜ்ஜையைத் தட்டில் ஊற்றினால் ஒரு சில செல்கள் மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வளர்வதைக் கவனித்தார். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகும் திறன் இவற்றுக்கு உண்டு. மஜ்ஜையில் இவை மிக அரிது: உட்கரு உள்ள செல்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று, சிலரிடம் லட்சத்துக்கு ஒன்று.

மஜ்ஜை செல் தசையாக மாறும் என்று எப்படித் தெரிந்தது?

இத்தாலியில் நடந்த ஒரு சோதனையிலிருந்து. 1998இல் ஜூலியானா ஃபெராரி, ஜூலியோ கோசு முதலியோர், தசையானால் மட்டும் உட்கரு நீல நிறமாகும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் மஜ்ஜையை வேறு சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். பிறகு அந்தச் சுண்டெலிகளின் கால் தசையை நாகப்பாம்பு நஞ்சிலிருந்து பிரித்த ஒரு நச்சுப்பொருளால் காயப்படுத்தினார்கள். தசை ஆறியபின் எடுத்துப் பார்த்தால், புதிதாக வளர்ந்த இழைகளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீல உட்கருக்கள் இருந்தன. மஜ்ஜையில் இருந்த செல், இரத்தத்தில் பயணம் செய்து, காயத்தைத் தேடிப் போய், தசைக்குள் நுழைந்திருக்கிறது!

அந்தக் காலத்தில் இது சாதாரணச் செய்தி இல்லை. இரத்தத்தின் செல் இரத்தமாகத்தான் இருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே பாஸ்டனில் எமானுவேலா குசோனி, லூயிஸ் குன்கல் குழுவினர், டுஷேன் நோய் உள்ள சுண்டெலிக்கு மஜ்ஜை செல்களைச் செலுத்தி, சில இழைகளில் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் திரும்ப வந்ததைக் காட்டினார்கள். டுஷேன் நோயில் இல்லாமல் போவது அந்தப் புரதம்தான். 2002இல் ஸ்டான்ஃபோர்டில் ஹெலன் பிளாவின் ஆய்வகம், பச்சையாக ஒளிரும் மஜ்ஜை செல்கள் முதலில் சாட்டிலைட் செல்லின் இடத்தில் போய் அமர்வதையும், தசைக்கு வேலை கொடுத்தபோது 3.5 சதவீதம் வரை இழைகள் பச்சையானதையும் வெளியிட்டது. அந்த ஐந்தாண்டுகளில் துறையே ஒரு பெரும் எதிர்பார்ப்பில் இருந்தது. இன்றைக்கும் நம் காதில் விழும் ‘மஜ்ஜையிலிருந்து தசை’ என்ற பேச்சின் வேர் அங்கேதான்.

மனிதர்களிடம் இது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் தொட்ட ஒரு நோயாளியின் கதை இது. ஒரு பையனுக்குப் பிறவியிலேயே கடுமையான நோய் எதிர்ப்புக் குறைபாடு. ஒரு வயதில் மஜ்ஜை மாற்று செய்து காப்பாற்றினார்கள். 12 வயதில் அவனுக்கே டுஷேன் நோயும் இருப்பது தெரிந்தது. ஒரே குழந்தைக்கு இரண்டு அரிய நோய்கள். எமானுவேலா குசோனியின் குழு அவனுடைய தசையைச் சிறிது எடுத்துப் பார்த்தது. மஜ்ஜை கொடுத்தவருடைய உட்கருக்கள், பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும், அவன் தசை இழைகளுக்குள் இருந்தன. 2002இல் வெளியானது.

எவ்வளவு இழைகளில் என்றால், 0.5 முதல் 0.9 சதவீதம். நூறு இழைக்கு ஒன்றுகூட இல்லை. நடக்கிறது என்பதற்கும், நடப்பது போதாது என்பதற்கும் சேர்த்து அந்த ஒரு பையனின் தசை சாட்சி சொல்லிவிட்டது.

அப்படியானால் அதிக மஜ்ஜை செல்களைச் செலுத்தினால் போதாதா?

எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். டுஷேன் சுண்டெலிகளுக்கு மஜ்ஜை மாற்று செய்து மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்ததில், டிஸ்ட்ரோஃபின் வந்த இழைகள் ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை. 2004இல் அமெரிக்காவின் சியாட்டிலில், டுஷேன் போன்ற நோய் உள்ள நாய்களுக்கு நல்ல நாய்களின் மஜ்ஜையை மாற்றினார்கள். இரத்தம் முழுக்க மாறியது. தசையில் டிஸ்ட்ரோஃபின் வரவில்லை. சுண்டெலியைவிட நாயின் நோய் மனிதருடைய நோய்க்கு மிக நெருக்கமானது என்பதால், அந்த முடிவு பலருடைய எண்ணத்தை மாற்றியது.

ஏன் இப்படி? பிறகு வந்த ஆய்வுகள் காட்டியது: மஜ்ஜை செல் பெரும்பாலும் மனம் மாறித் தசைச் செல் ஆவதில்லை. காயத்துக்கு வந்த வெள்ளணு வகைச் செல், ஆறிக்கொண்டிருக்கும் இழையோடு எப்போதோ ஒருமுறை தற்செயலாக இணைந்துவிடுகிறது. கல்யாண வீட்டுக்குப் பந்தல் போட வந்தவர், போட்டோவில் குடும்பத்தோடு நின்றுவிட்டதைப் போல. படத்தில் இருப்பார், ஆனால் அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் ஆகிவிட மாட்டார்.

இதோடு தசையின் சொந்தச் செல்லை ஒப்பிட்டுப் பாருங்கள். 2005இல் லண்டனில் ஒரு சோதனை: ஏழே ஏழு சாட்டிலைட் செல்கள் ஒட்டியிருந்த ஒற்றைத் தசை இழையைச் சுண்டெலிக்குள் வைத்தார்கள். அதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட புது இழைகள் வளர்ந்தன. லட்சக்கணக்கான மஜ்ஜை செல்கள் செய்ய முடியாததை ஏழு செல்கள் செய்தன.

என் மகனுடைய மஜ்ஜையையே எடுத்து அவனுக்குச் செலுத்துகிறார்களாம். ஒவ்வாமை வராது என்கிறார்கள். நல்லதுதானே?

ஒவ்வாமை வராது என்பது சரி. ஆனால் ஒன்றை யோசியுங்கள். டுஷேன் மரபணுக் கோளாறு. அந்தக் கோளாறு அவனுடைய ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது, மஜ்ஜை செல்லிலும் இருக்கிறது. அந்தச் செல் தசையாகவே மாறினாலும் டிஸ்ட்ரோஃபின் இல்லாத தசையாகத்தான் மாறும். மரபணுவைத் திருத்தாமல் சொந்தச் செல்லைத் திரும்பச் செலுத்தினால் அந்தப் புரதம் எங்கிருந்து வரும்? இந்த ஒரு கேள்வியை ஊசி போடச் சொல்பவரிடம் அவசியம் கேளுங்கள்.

பிறருடைய மஜ்ஜை என்றால் மரபணு நன்றாக இருக்கும். ஆனால் அதை ஏற்க உடம்பைத் தயார்செய்யக் கடுமையான மருந்துகள் வேண்டும், கொடையாளரின் செல்கள் பையனின் உடம்பையே தாக்கும் ஆபத்தும் உண்டு. இரத்தப் புற்றுநோய்க்கு அந்த ஆபத்தை ஏற்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு சதவீத இழைக்காக ஏற்பதில் இல்லை.

மெசன்கைமல் செல்கள் தசைக்கு உதவும் என்று படித்தேனே?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. காயப்பட்ட விலங்குத் தசையில் மெசன்கைமல் செல்களைச் செலுத்தினால் பல ஆய்வுகளில் தசை வலுவாக ஆறியிருக்கிறது. ஆனால் சில வாரம் கழித்துத் தேடினால் செலுத்திய செல்கள் அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. அவை தசையாகவும் ஆகவில்லை. அப்புறம் உதவியது எது?

அவை வெளியிடும் பொருள்கள். இரத்தக் குழாய் வளரச் சொல்லும் காரணி, சாட்டிலைட் செல்லை எழுப்பும் காரணி, வீக்கத்தைத் தணிக்கும் சமிக்ஞைகள் எல்லாம் அதில் உண்டு. செங்கல்லாக நிற்க வந்ததாக நாம் நினைத்தோம். உண்மையில் அது மேஸ்திரி வேலை பார்த்துவிட்டுப் போகிறது. இந்தச் செல்களுக்கு 1991இல் மெசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ஆர்னால்ட் கேப்லன். அவரே 2017இல், இந்தப் பெயர் மக்களைத் தவறாக நினைக்க வைக்கிறது, மாற்றுங்கள் என்று எழுதினார். தான் வைத்த பெயரைத் தானே திரும்பப் பெற எத்தனை பேருக்கு மனம் வரும்! எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

மஜ்ஜை இந்த மேஸ்திரி வேலையை இயற்கையாகவே செய்துகொண்டும் இருக்கிறது. உங்கள் தசை பிசகும் ஒவ்வொரு முறையும் மஜ்ஜையில் பிறந்த மானோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் அங்கே ஓடுகின்றன. முதலில் இடிபாடுகளை அள்ளுகின்றன. பிறகு குணம் மாறி, புது இழை கட்டத் துணை நிற்கின்றன. 2007இல் பிரான்சில் நடந்த ஆய்வில், காயத்தின்போது இந்தச் செல்கள் இல்லாதபடி செய்த சுண்டெலிகளின் தசை ஆறவே இல்லை. மஜ்ஜைக்கும் தசைக்கும் உள்ள உண்மையான உறவு இதுதான் என்று நான் நினைக்கிறேன். வருங்கால மருந்து வந்தால் இந்த வழியாகத்தான் வரும்.

இதயமும் தசைதானே? மாரடைப்புக்குப் பிறகு மஜ்ஜை செல் போடுகிறார்களே?

போட்டுப் பார்த்தார்கள். அந்த வரலாறு கொஞ்சம் வேதனையானது.

2001இல் பியரோ அன்வெர்சா என்ற ஆராய்ச்சியாளரின் குழு, மஜ்ஜை செல்லைச் சுண்டெலியின் பழுதான இதயத்தில் செலுத்தியபோது புது இதயத் தசை வளர்ந்தது என்று அறிவித்தது. உலகம் முழுவதும் மருத்துவமனைகள் மனிதரிடமும் முயற்சி செய்யத் தொடங்கின. 2004இல் சியாட்டிலும் ஸ்டான்ஃபோர்டும் தனித்தனியாக அதே சோதனையைச் செய்தன. இரண்டு இடத்திலும் மஜ்ஜை செல் இதயத் தசையாகவில்லை. 2018இல் ஹார்வர்டும் அதன் பிரிகாம் மருத்துவமனையும், அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி இதழ்களைக் கேட்டுக்கொண்டன.

நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்தன. கேள்வியைத் தீர்த்துவைக்க ஐரோப்பாவில் பாமி என்று 3,000 பேரை வைத்து ஓர் ஆய்வு திட்டமிட்டார்கள். 375 பேர்தான் சேர்ந்தார்கள். 2020இல் முடிவு வந்தபோது எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதே ஆண்டு சின்சினாட்டியில் ஜெஃப்ரி மோல்கென்டினின் குழு ஒன்றைக் கண்டது: சுண்டெலி இதயத்தில் உயிருள்ள மஜ்ஜை செல் போட்டாலும், செத்த செல் போட்டாலும், செல்லே இல்லாமல் வீக்கத்தைத் தூண்டும் ஒரு பொருளைப் போட்டாலும், கிடைத்த நன்மை கிட்டத்தட்ட ஒன்றுதான். உதவியது ஸ்டெம் செல் அல்ல, அதைப் பார்த்துத் திரண்டு வந்த மேக்ரோபேஜ்கள் என்ற, இடிபாடு அள்ளும் வெள்ளணு வகைச் செல்கள். மறுபடியும் அதே மேஸ்திரிகள்!

எனக்குத் தொடைப் பின்தசை கிழிந்து மூன்று வாரம் ஆகிறது. மஜ்ஜை ஊசி போட்டால் போட்டிக்குச் சீக்கிரம் திரும்பலாமா?

சாதாரணக் கிழிசலுக்கு வேண்டாம். மனிதத் தசைக் கிழிசலில் மஜ்ஜை ஊசி சீக்கிரம் குணமாக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த, ஒப்பிட்டுச் செய்த பெரிய ஆய்வு எதுவும் கைவசம் இல்லை. இதைவிட எளிய ஊசியான, அவரவர் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் பிளேட்லெட் ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் தொடைப் பின்தசை காயம்பட்ட 80 வீரர்களிடம் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். பிளேட்லெட் போட்டவர்களும் வெறும் உப்புநீர் போட்டவர்களும் ஆட்டத்துக்குத் திரும்ப எடுத்துக்கொண்டது ஒரே கால அளவு, நடுமதிப்பாக 42 நாள். அதுவரை அந்த ஊசிக்கு ஆட்டக்காரர்கள் கொட்டிக்கொடுத்த பணம் கொஞ்சமா!

நல்ல பிசியோதெரபிஸ்டிடம் போய், தசையை நீட்டிக்கொண்டே வலுவாக்கும் பயிற்சிகளைப் படிப்படியாகச் செய்யுங்கள். வலி போனதும் ஓட வேண்டாம், வலு திரும்பியதும் ஓடுங்கள். மீண்டும் கிழிவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

மஜ்ஜையை முதுகுத்தண்டிலிருந்து எடுப்பார்களா? கால் விளங்காமல் போய்விடுமா?

இல்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுப்பது தண்டுவட நீர், அது வேறு பரிசோதனை. மஜ்ஜையை எடுப்பது இடுப்பெலும்பின் பின்மேட்டில். குப்புறப் படுக்கச் சொல்லி, அந்த இடத்தை மரக்கச் செய்து, கைப்பிடி வைத்த தடித்த ஊசியைத் திருகித் திருகி எலும்புக்குள் இறக்குவார்கள். திருகும்போது அழுத்தம்தான் தெரியும். சிரிஞ்சை இழுக்கும் அந்த ஓரிரு நொடிதான் சுளீர் என்று காலுக்குள் இறங்குவதைப் போல இருக்கும், மரப்பு மருந்து எலும்பின் உள்ளே போகாது என்பதால். இரண்டு மூன்று நாள் உட்காரும்போது வலி இருக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும். மஜ்ஜை தானம் செய்ய யாராவது தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

ஆட்டுக்கால் சூப், நல்லி எலும்பு சாப்பிட்டால் ஸ்டெம் செல் கிடைக்குமா?

கிடைக்காது. வயிற்றில் எல்லாச் செல்லும் செரித்துவிடும். ருசிக்காகத் தாராளமாகச் சாப்பிடலாம்.

நம் ஊரில் விளம்பரம் செய்கிறார்கள். அரசு அனுமதி இல்லாமலா செய்வார்கள்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. இரத்தம் சார்ந்த ஏற்கப்பட்ட நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் எல்லாம் அப்போது ஆராய்ச்சி நிலையில்தான் இருந்தன என்று அது சொல்கிறது. ஆராய்ச்சி நிலையில் உள்ளதை அனுமதி பெற்று, பதிவு செய்த ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம். ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. தசைச் சிதைவுக்கு மஜ்ஜை ஊசி போட்டுப் பணம் கேட்டால், அது ஏற்கப்பட்ட சிகிச்சையும் இல்லை, முறையான ஆய்வும் இல்லை.

ஒருமுறை ஓர் அம்மா மஞ்சள் பையில் ஃபைலோடு வந்தார். எட்டு வயதுப் பையனுக்கு மூன்று தவணை ஊசி போட்டிருந்தார்கள். வளையல்களை அடகு வைத்திருந்தார். ஃபைலை ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். ரசீதுகள் இருந்தன, வண்ணப் படம் போட்ட கையேடு இருந்தது, தினமும் என்ன பிசியோ செய்தார்கள் என்பதும் இருந்தது. எத்தனை செல் போட்டார்கள், உயிரோடிருந்தது எத்தனை, கிருமி சோதனை செய்தார்களா, எந்த ஆய்வின் பதிவு எண், ஒன்றும் இல்லை. எங்கள் கூடத்தில் ஒரு சுண்டெலிக்குச் செல் போட்டாலே அத்தனையும் எழுதிவைக்க வேண்டும். “தப்பு பண்ணிட்டேனாம்மா?” என்று அவர் கேட்டார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. பிள்ளைக்காக எதையும் செய்யத் துணிந்த ஒரு தாயிடம் அந்தத் தாள்களைக் காட்டாமல் பணம் வாங்கியவர்கள் செய்ததுதான் தப்பு.

ஊசிக்குப் பிறகு பையன் நன்றாக நடக்கும் வீடியோ பார்த்தேனே?

வீடியோ உண்மையாகவே இருக்கலாம். டுஷேன் பையன்கள் ஏறத்தாழ ஏழு வயது வரை, நோய் இருந்தாலும், வளர்ச்சியின் வேகத்தில் முன்னேறிக்கொண்டும் இருப்பார்கள். ஐந்து வயதில் ஊசி போட்டு ஆறு வயதில் படம் எடுத்தால் முன்னேற்றம் தெரியத்தான் செய்யும். கூடவே ஸ்டீராய்டும் தினசரி பிசியோவும் கொடுத்திருப்பார்கள். எது உதவியது என்று பிரித்துச் சொல்ல, ஊசி போடாத அதே வயதுப் பையன்களோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீடு வீடியோவில் இருக்காது.

ஊசியால் பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே?

அப்படிச் சொல்ல முடியாது. கிருமித் தொற்று ஒருபுறம். இன்னொன்று, மெசன்கைமல் செல்லுக்கு எலும்பாகும் பழக்கம் உண்டு. பழுதான சுண்டெலி இதயத்தில் இவற்றைச் செலுத்தியபோது உள்ளே சுண்ணாம்பு படிந்து எலும்புபோல் ஆன இடங்களை 2007இல் ஜெர்மன் குழு ஒன்று காட்டியது. கொழுப்பிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணில் செலுத்தியதால் ஃப்ளோரிடாவில் மூன்று பெண்கள் பார்வையை இழந்த செய்தி 2017இல் மருத்துவ இதழில் வந்தது. இன்னொரு கெடுதலும் உண்டு: எதிர்காலத்தில் முறையான ஆய்வு வரும்போது, ‘ஏற்கெனவே செல் சிகிச்சை எடுத்தவர் சேர முடியாது’ என்ற நிபந்தனை வைத்திருந்தால் உங்கள் பிள்ளை வெளியே நிற்க வேண்டிவரும்.

பிரசவத்தின்போது தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்திருக்கிறோம். அது உதவுமா?

டுஷேனுக்கு உதவாது. அதிலும் அதே மரபணுக் கோளாறுதான். சொந்த உபயோகத்துக்கென்று பணம் கட்டிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று மேலே சொன்ன 2017 வழிகாட்டுதலே சொல்கிறது.

மஜ்ஜை இல்லையென்றால் வேறு எந்தச் செல்லில் நம்பிக்கை இருக்கிறது?

முதலில் முயன்றது தசையின் சொந்தச் செல்களைத்தான். 1990களில் தட்டில் வளர்த்த தசைச் செல்களை டுஷேன் பையன்களின் கையில் ஊசி போட்டார்கள். 12 பையன்களிடம் மாதம் ஒருமுறை, ஆறு மாதம் போட்டும் வலு கூடவில்லை என்று 1995இல் வெளியானது. தட்டில் பெருக்கும்போதே அந்தச் செல்கள் தங்கள் வீரியத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றன. உடம்பில் நூற்றுக்கணக்கான தசைகள் இருக்க, ஊசி போட்ட இடத்தைவிட்டு அவை நகர்வதும் இல்லை.

இரத்தக் குழாய் வழியே தசைக்குப் போகும் செல் கிடைக்குமா என்று தேடினார் ஜூலியோ கோசு, 1998இல் நீல உட்கருவைப் பார்த்த அதே மனிதர். மீசோஆஞ்சியோபிளாஸ்ட் என்ற செல்லை 2006இல் நாய்களிடம் சோதித்தபோது நல்ல பலன் தெரிந்தது. மிலானில் ஐந்து பையன்களுக்குச் சகோதரர்களின் செல்லைக் கொடுத்தார்கள். 2015இல் வந்த முடிவு: பெரும்பாலும் பாதுகாப்பானது, பலன் மிகக் குறைவு. பலன் இல்லை என்று தெரிந்ததையும் ஒளிக்காமல் எழுதினார்கள் பாருங்கள், அதனால்தான் அடுத்தவர் அங்கிருந்து தொடங்க முடிகிறது.

இப்போது எனக்கு நம்பிக்கை தருபவை இரண்டு. தோல் அல்லது இரத்தச் செல்லைத் திரும்ப ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய், மரபணுவைத் திருத்தி, தசை முன்னோடிச் செல்லாக வளர்ப்பது ஒன்று. 2012இல் சுண்டெலியில் வேலை செய்தது. இன்னொன்று, கொடையாளர் இதயத்திலிருந்து எடுக்கும் செல்கள். இவை தசையாவதற்காக அல்ல, சமிக்ஞைக்காக. 20 நோயாளிகளிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலுத்தியதில் கை வலு குறையும் வேகம் தணிந்தது என்று 2022இல் வெளியானது. சின்ன ஆய்வுதான், ஆனால் ஒப்பிட்டு முறையாகச் செய்தது.

என் மகனுக்கு ஆறு வயது. அவனுக்கு நேரத்துக்குள் ஏதாவது வருமா? அதுவரை நான் என்ன செய்வது?

தேதி சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் காத்திருக்கும் காலம் சும்மா இருக்கும் காலம் இல்லை. வருங்காலச் சிகிச்சை எதுவானாலும் அது வேலை செய்யத் தசை மிச்சம் இருக்க வேண்டும். கொழுப்பாக மாறிய இடத்தில் எந்தச் செல்லுக்கும் இடமில்லை. மிச்சம் வைப்பதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கும் வேலை.

மரபணுப் பரிசோதனை செய்து அந்த மரபணுவின் எந்தத் துண்டு (எக்ஸான்) போயிருக்கிறது என்ற அறிக்கையைக் கையில் வையுங்கள். சில மருந்துகள் அதைப் பொறுத்துத்தான். அம்மாவும் சகோதரிகளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஸ்டீராய்டு எப்போது தொடங்குவது என்று நரம்பியல் மருத்துவரிடம் பேசுங்கள். நடக்கும் காலத்தை நீட்டிப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து அது. தொடங்கியபின் திடீரென்று நிறுத்தவே கூடாது. இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனை இப்போதே எடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் எடுங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பியுங்கள், தமிழ்நாட்டில் தசைச் சிதைவு உள்ளவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. கோயம்புத்தூரில் டுஷேனுக்கென்றே மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் இருக்கிறது.

அப்புறம் குதிகாலின் தசைநாண். அது இறுகித்தான் பல பையன்கள் நுனிக்காலில் நடக்கத் தொடங்குகிறார்கள். பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள்: மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை நீட்டி, குதிகாலை உங்கள் உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை உங்கள் முன்கையால் மெதுவாக அவன் முகத்தை நோக்கித் தள்ளுங்கள். வலிக்கும் முன் நிறுத்தி, அப்படியே முப்பது வரை அவனையே எண்ணச் சொல்லுங்கள்.